ஆலுக்கு ஒரு மக் தண்ணீர்

ஜூன் 30, ஞாயிறு

எங்கள் பம்பு கம்பெனியில் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. ஆறு மாதமாக டிராயரில் சும்மா கிடந்தது. போனில் போன்சாய் சொல்லித்தரும் ஆள் ஒருவர், புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்றைக்குத் தண்ணீர் ஊற்றினோம், என்றைக்கு வெட்டினோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

தடாகம் ரோட்டு நர்சரியில் மூன்று கன்றுகள் வாங்கினேன். ஓர் ஆல், ஒரு புளி, தடித்த இலையோடு ஒரு ஜேட். எல்லாம் ஒரு சாண் உயரம். "இதெல்லாம் இன்னும் போன்சாய் ஆகலீங் சார், கொழந்தைங்க. இனி நீங்கதான் வளத்தோணும்" என்றார் நர்சரிக்காரர். என் மனைவி சுகந்தி காரிலேயே உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை.

வீட்டுக்கு வந்து மூன்றையும் தட்டையான தொட்டிகளுக்கு மாற்றினேன். அங்கேயே ஒரு மூட்டை செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கொடுத்திருந்தார்கள். வேரைச் சீப்பால் வாருவது போல வார வேண்டுமாம். வாரினேன், பாதி வேர் கையோடு வந்துவிட்டது. சுகந்தி பால்கனிக் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்குது மாமா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முதுகு வலிக்கிறது. மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 2, செவ்வாய்

எதற்கு இந்த மரங்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். டைரியில்கூட மனிதன் மழுப்புகிறான்.

கல்யாணமாகி எட்டு வருடம். அதில் ஆறு வருடம் குழந்தைக்காக ஆஸ்பத்திரி. சென்ற மாதம் மூன்றாவது தடவையாகக் கரு வைத்தார்கள், அதுவும் நிற்கவில்லை. சுகந்தி பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுப்பவள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க மனசு வேற எதுலயாவது இருக்கட்டும்" என்றார். எனக்குத் தெரிந்த வேறு எது? கூகுளில் தேடினேன், போன்சாய் வந்தது.

இன்னும் ஒரு கரு பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உறையவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் அதை 'அந்த ஒண்ணு' என்கிறோம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல.

மூன்றுக்கும் தண்ணீர். ஆளுக்கு ஒரு மக்.

ஜூலை 6, சனி

காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடி பிறக்கும் முன்பே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆள் அனுப்பியது போல வந்துவிடுகிறது. நான்காவது மாடியில் மேற்குப் பார்த்த பால்கனி. காலையில் மண்ணைத் தொட்டால் மேலே வறட்டென்று இருக்கிறது. ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

இன்று ஆலுக்குக் கம்பி சுற்றினேன். அலுமினியக் கம்பியைத் தண்டில் சாய்வாகச் சுற்றி, பிறகு மெல்ல வளைக்க வேண்டும். ஒரு கிளை சடக்கென்று சொன்னது, ஆனால் முறியவில்லை. சுகந்தி காபி கொண்டுவந்தாள். கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பாட்டுக்கு வளந்துட்டுப் போகட்டுமே மாமா."

"அப்படி விட்டா போன்சாய் ஆகாதும்மா."

"ஆகாட்டி என்ன?"

நான் அந்த ஆள் வீடியோவில் சொன்னதையெல்லாம் விளக்கினேன். அவள் பாதியிலேயே டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இந்த மரங்கள் பிடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்ன 'வேற எது' இது இல்லை போலிருக்கிறது. வாங்கியாகிவிட்டது, இனி நான்தான் வளர்க்க வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

கம்பெனியில் பம்பு டெஸ்டிங்கில் நின்றிருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டார். "சார், அந்த ஒண்ணு இருக்குதுங்களே, எப்ப வெச்சுக்கலாம்னு டாக்டர் கேக்கச் சொன்னாங்க."

சாயங்காலம் கோபியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "ஆடியில எதையும் ஆரம்பிக்க வேண்டாஞ்சாமி. ஆவணி பொறக்கட்டும். இத்தனை நாள் பொறுத்தாச்சு, ஒரு மாசத்துல என்ன?" என்றாள்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தேன். இருக்கட்டும்.

சுகந்தியிடம் சொன்னேன். ஏமாந்துபோவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். "சரிங்க மாமா, அத்தை சொன்னபடியே செய்யலாம்" என்றாள் உடனே. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் சரியாகப் பார்க்க முடியவில்லை. பாவம், மனதில் என்னென்ன கணக்குப் போட்டிருந்தாளோ.

ராத்திரி பணியாரம் சுட்டாள். பல மாதத்துக்குப் பிறகு. தேங்காய்ச் சட்னி வேறு. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கீழ்வீட்டுக்காரர் வந்து, நம் தொட்டிகளிலிருந்து அவர் துணி மேல் செம்மண் தண்ணீர் சொட்டுகிறது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று தொட்டிக்கும் அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்தேன்.

வேலை விட்டு வந்து பார்த்தால் தட்டில் தண்ணீர் நிற்கிறது. மேற்கே சாரல் அடித்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

எதிர்வீட்டு லிஸ்ஸி அக்கா ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். பாலக்காட்டில் அவர் வீட்டு மரத்துப் பப்பாளி ஒன்று கொண்டுவந்து நீட்டினார். "சாரே, நல்லா பழுத்தது. இன்னைக்கே கழிக்கணும்." அவர் மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள். நான் பழத்தை வாங்கி நேராகக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்குள் பப்பாளி வந்ததில்லை. அன்னாசியும் இல்லை, எள்ளுருண்டையும் இல்லை. கருவுக்கு ஆகாது என்று அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவிடம் கேட்டால் "அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். 'ஒண்ணும் ஆகாது' என்பவரை நம்புவதா, 'ஆகாது' என்பவளை நம்புவதா? அம்மாவை நம்பினோம். சுகந்திக்குப் பப்பாளி என்றால் உயிர். பெண் பார்க்கப் போன அன்றே தட்டில் பப்பாளித் துண்டுதான் வைத்தார்கள், பாதியை அவளே தின்றுவிட்டாள் என்று அவள் தம்பி இன்றும் கேலி செய்வான்.

ஜூலை 15, திங்கள்

பழத்தைக் கம்பெனியில் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். நானும் ஒரு துண்டு தின்றேன். வாயைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன், குடித்துவிட்டு வருகிறவன் மாதிரி.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று. தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 20, சனி

ஜேட் இலைகளை உதிர்க்கிறது. தொட்டாலே விழுகிறது. வாடியிருக்கிறது என்றால் தாகமாக இருக்கும். காற்று இப்படி அடித்தால் எந்தச் செடிதான் தாங்கும்? இனி ஆளுக்கு ஒன்றரை மக்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா வீடியோ காலில் வந்தாள். பின்னால் தொட்டிகளைப் பார்த்துவிட்டாள்.

"அதென்ன சாமி, குட்டக் குட்டயா?"

"போன்சாய்ம்மா. மரத்தைச் சின்னதாவே வளக்கறது."

"வளரவேண்டியதப் புடிச்சுக் கட்டி வெச்சா ஊட்டுல என்னடா வளரும்? மொதல்ல எடுத்து வெளிய போடு. அந்தப் புள்ள கண்ணுல படற மாதிரி வேற வெச்சிருக்கற."

சரிம்மா என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடும் ஸ்டாண்டை இழுத்துத் தொட்டிகளை மறைத்தேன். சுகந்தியிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே அவள் தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருந்து என்னமோ இரண்டு பேருக்கும்தான், ஊசி மட்டும் அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குத் தினம் அலைய முடியாதென்று நானேதான் போடக் கற்றுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைப் பிடித்துக்கொண்டு குத்துவேன். போட இடமில்லாமல் போனபோது பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே குத்தினேன். ஒரு நாளாவது "ஆ" என்றிருக்கலாம், சொன்னதில்லை. எவ்வளவு ஆசை இருந்தால் இப்படிப் பொறுத்துக்கொள்வாள் என்று நினைப்பேன்.

ஜூலை 24, புதன்

ஜேட் போய்விட்டது. காலையில் தண்டைப் பிடித்தால் அழுகிய வாழைப்பழம் போல விரலோடு வருகிறது. வீடியோ ஆளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணீர் அதிகம்" என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

எனக்கு வந்ததே கோபம். பதினெட்டு வருடமாகப் பம்பில் தண்ணீர் எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒன்றரை மக் எப்படி அதிகமாகும்? நர்சரிக்காரன் நோய் பிடித்த செடியைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 28, ஞாயிறு

புளி இலைகள் மஞ்சளாகி, பெருக்கப் பெருக்க விழுகின்றன.

பகலில் சுகந்தி போனில் பேசியது காதில் விழுந்தது. பேசியது அவள் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸிடம். "வரணும்னுதான் இருக்குதுங்க மேடம். ஆவணிக்கு மேல சொல்றனே" என்றாள். குரலில் பழைய டீச்சர் இருந்தாள். ஆனால் அந்த ஒன்றை வைத்தால் மறுபடி படுக்கை, மறுபடி மாத்திரை. அவள் எதை விடுவாள், எதைப் பிடிப்பாள்?

சாப்பிடும்போது கேட்டாள்: "மாமா, ஆவணியிலயும் ஆகலைன்னா?"

"ஆகும். நல்லதையே நெனப்போம்" என்றேன்.

"ம்" என்றாள்.

அவள் நம்பிக்கையை நான் கெடுக்கக்கூடாது. சரியாகத்தான் பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். தட்டில் சோற்றை ஓரம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

ஜூலை 31, புதன்

தலைவலி. தண்ணீர் ஊற்றினேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. இரண்டு பேரும் பவானிக்கு வந்து கூடுதுறையில் முழுகிவிட்டுப் போங்கள் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுகந்தி தலைவலி என்றாள். நானும் உடனே கார் பிரேக் சரியில்லை என்றேன். காரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

சுகந்தி எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் கிளறினாள். சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டோம். எழுந்து பார்த்தால் பால்கனித் தரையெல்லாம் ஈரம். ஏசி பைப் எங்கேயோ ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிட வேண்டும். சொம்பு ஒன்று தொட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது, எடுத்து உள்ளே வைத்தேன்.

புளியில் ஓர் இலையும் இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. ஆல் ஒன்றுதான் மிச்சம்.

'ஒன்றுதான் மிச்சம்.' ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிளம்பர் வந்தார். ஏசி பைப்பில் ஒழுகல் இல்லையாம். இவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை வரச் சொன்னார். அன்றே மாத்திரை தொடங்கிவிடலாம் என்றார். சரி என்றேன். சுகந்தியிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள். நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், யார் எது சொன்னாலும் சரி என்போம்.

ஆலில் மூன்று இலை மஞ்சள். கம்பி தண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. தோல் கம்பிக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. அதைக் கழற்றக்கூடக் கை வரவில்லை. எதைத் தொட்டாலும் செத்துப்போகிறது.

எனக்குச் சோர்வாக இருக்கிறது. தூங்கினால் போகிற சோர்வு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திரும்பிப் போய்விடலாம் என்றிருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்றவர்களை நிமிர்ந்து பார்க்க முடியாது. சோதனை முடிவு வரும் அன்று சுகந்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. ஆனால் இதை அவளிடம் எப்படிச் சொல்வது? தாயாகத் துடிக்கிறவளிடம் போய், எனக்குப் போதும் என்றா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விவரமாக எழுத வேண்டும். கையில் இன்னும் மண் வாடை போகவில்லை.

காலையில் ஆலின் இலைகள் பாதிக்கு மேல் தரையில் கிடந்தன. சரி, வேரைப் பார்த்துவிடுவது என்று செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் உதிரவில்லை. களி மாதிரி மொத்தமாக வந்து விழுந்தது. சாக்கடை நாற்றம். வேரெல்லாம் கறுத்து, இழுத்தால் தோல் தனியே நார் தனியே கழன்றது. நாற்றத்துக்குச் சுகந்தியும் வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு? காத்தால ஒன்றரை மக்குதான் ஊத்தறேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "காத்தால நீங்க ஊத்தறீங்களா?"

"பின்ன? தெனமும் ஊத்திட்டுத்தான போறேன்."

"நான் மத்தியானம் ஊத்தறேன் மாமா."

"எதுக்கு?"

"தெனமும் சாப்ட்டுட்டு ஒரு சொம்பு ஊத்துவேன். தொட்டுப் பாத்தா மேல காஞ்சு கெடக்கும். வேலைக்குப் போற அவசரத்துல மறந்துட்டு ஓடறீங்கன்னு நெனச்சேன்."

தட்டில் நின்ற தண்ணீர், தரை ஈரம், சொம்பு, பாவம் அந்தப் பிளம்பர். கசிவு கண்டுபிடிப்பதில் பதினெட்டு வருட அனுபவம் எனக்கு.

"உனக்குத்தான் இது புடிக்கவே இல்லையே. அப்பறம் எதுக்கு ஊத்துன?"

"புடிக்கலைதான். கம்பியெல்லாம் சுத்தி, பாக்கவே பாவமா இருக்குது. அத்தை வேற என்னைக் கூப்பிட்டு எடுத்துப் போடச் சொன்னாங்க. ஆனா நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்களே. அந்த ஜேட் செத்தன்னைக்கு உங்க மூஞ்சியப் பாக்க முடியல. இதுவும் போயிருச்சுன்னா ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான்..."

"எனக்கு என்ன ஆசை? உனக்காகத்தான வாங்குனேன். உன் மனசு கொஞ்சம் மாறட்டும்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அழுகல் கிடந்தது. அவள்தான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இந்த வீட்டில் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை.

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

"மாமா, அந்த ஒண்ணும் இப்படித்தானா?"

எனக்குப் புரிந்தது. ஆனாலும், "எது?" என்றேன். கோழை வேறு எப்படிப் பேசுவான்?

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு வேணுமா, இல்ல எனக்காகப் போலாம்கறீங்களா?"

கம்பெனியில் எந்த எஞ்சினியரிடமும் தயங்காமல் பேசுகிறவன், அந்தக் கேள்விக்கு முன்னால் மண் கையோடு உட்கார்ந்திருந்தேன். துணிகள் ஸ்டாண்டில் படபடவென்று அடித்துக்கொண்டன. 'உன் இஷ்டம்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைத்தான் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"எனக்குப் போதும் சுகந்தி. என்னால முடியல" என்றேன்.

அறைந்துவிடுவாளோ, அழுதுவிடுவாளோ என்று காத்திருந்தேன். அவள் மெதுவாக ஈரத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவை நனைவதைக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குப் போன வருசமே போதும் மாமா."

"அப்ப இந்த மூணாவது தடவ?"

"ரெண்டாவது நிக்கலைன்னதும் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதீங்களே. எனக்குக் கேட்டுச்சு. இவருக்கு எவ்வளவு ஆசை இருந்தா இப்படி அழுவாருன்னு நெனச்சேன். அதான், இன்னொரு தடவ போலாம்னு நானே சொன்னேன்."

நான் அன்றைக்கு அழுதது அவளுக்காக. அவள் வயிற்றில் ஊசி போட இடமில்லை என்று அழுதேன். அதைப் பார்த்து அவள் இன்னொரு மூன்று வாரம் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், வாய் திறக்காமல். அவளுக்காக என்று நான் குத்தினேன். எனக்காக என்று அவள் வாங்கிக்கொண்டாள். யாருக்குமே வேண்டாத ஊசி.

சொன்னேன் அவளிடம். அவள் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். மண் கை என்று நான் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆலின் அழுகிய வேரையெல்லாம் வெட்டிவிட்டோம். கம்பியைச் சுகந்தியே கத்தரித்து எடுத்தாள். உருவினால் தோல் பிய்யும் என்று துண்டு துண்டாக. சாதாரண மண் தொட்டி ஒன்றில் மணல் கலந்து நட்டோம். அடியில் தட்டு இல்லை. கீழ்வீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. காரில் கோபிக்குப் போய், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அம்மாவிடம் நேரில் சொன்னோம். அம்மா சுகந்தியைப் பார்த்துக் கேட்டாள்: "இவன் சொல்றானா, நீ சொல்றயா அம்மிணி?"

"ரெண்டு பேரும்தானுங் அத்தை."

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. கிளம்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுகந்திக்கு மட்டும் நெய் ஒரு பாட்டில் கொடுத்து, "ஒடம்பத் தேத்திக்க. எலும்பாப் போயிட்ட" என்றாள். அவளுக்கும் ஒரு பேரப்பிள்ளை கனவு இருந்திருக்கும் அல்லவா. அதை நாங்கள் எடுத்துவிட்டோம். வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. காற்று குறையவில்லை. அதற்குக் காலண்டர் தெரியாது போலிருக்கிறது. ஆலில் இலையே இல்லை. தண்டைக் கீறிப் பார்க்கக் கை போனது. சுகந்தி தட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

போனில் சொல்லிவிடலாம் என்றேன். சுகந்திதான் நேரில் போக வேண்டும் என்றாள். "அந்த ஒண்ணு அங்கதான இருக்குது" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார். யோசித்துவிட்டோம் என்றேன். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, வெளிய எடுத்துடறோம்" என்றார்.

எழுந்திருக்கும்போது சுகந்தி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டாக்டர், எடுக்கும்போது அதுக்கு ஏதாவது தெரியுமுங்களா? வலிக்குமா?"

உயிரியல் டீச்சர் அவள். வலி எங்கே எப்படி உண்டாகிறது என்று போர்டில் படம் போட்டுப் பாடம் எடுப்பவள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் தெரியாதும்மா. வலிக்காது."

"சரிங்க" என்றாள் சுகந்தி.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவளுக்குக் கால் நுழையவில்லை. குனிந்து மாட்டிவிட்டேன். காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், இந்தத் தடவை பைப்பைத் திறந்து விடவில்லை. எங்களுக்கு அது வேண்டாம் என்பதும் நிஜம், இந்த அழுகையும் நிஜம். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் கணபதி பஸ் ஸ்டாப் தாண்டியதும், "மாமா, ஓரமா நிறுத்துங்க" என்றாள். உடம்புக்கு என்னவோ என்று பதறி நிறுத்தினேன். இறங்கித் தள்ளுவண்டிக்காரரிடம் போனாள். பழத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முகர்ந்து, பேரம் பேசி, ஒரு பெரிய பப்பாளியைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நான் கார் கதவைத் திறந்துவிட்டேன். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

பால்கனியில் உட்கார்ந்து வெட்டினாள். உள்ளே நல்ல சிவப்பு. விதைகளைக் கரண்டியால் வழித்துச் செய்தித்தாளில் போட்டாள். ஜேட் இருந்த தொட்டியும் புளி இருந்த தொட்டியும் காலியாகக் கிடந்தன. என் புத்தி எங்கே போகும்?

"இந்த வெதையில நாலு எடுத்து அதுல போட்டு வெக்கட்டுமா?" என்றேன்.

"எதையும் வளக்க வேண்டாம் மாமா, கொஞ்ச நாளைக்கு" என்று ஒரு துண்டை என் கையில் வைத்தாள். "சும்மா சாப்புடுங்க."

இரண்டு பேரும் முழுப் பழத்தையும் தின்று தீர்த்தோம். தோலில் ஒட்டியிருந்ததைக்கூட அவள் விடவில்லை.